மனசு எங்கே நழுவுது?



திரையிடல் நடத்துற தோழர்கள் வழக்கமாச் சொல்ற குறை ஒண்ணு: 'நம்ம பசங்க படத்தைக் கவனமாப் பாக்கறதில்ல, மனசு எங்கியோ போயிடுது.' அப்படிப் போறது ஏன்னு கொஞ்சம் பேசலாம்.

சினிமாவில் கவனம் தானாக வருவதில்லை, கட்டமைக்கப்படுகிறது. மூளை ஆய்வாளர் உரி ஹாசனும் உடனுழைத்தவர்களும் 2008-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஹிட்ச்காக் இயக்கிய தொலைக்காட்சிக் கதை ஒன்றைப் பார்த்தவர்களுக்கு, மூளைப் புறணியில் 65 சதவீதத்துக்கும் மேலான பகுதி ஒன்றுபோல இயங்கியது. பூங்காவில் காமிராவை நிறுத்திவைத்துச் சும்மா எடுத்த காட்சிக்கு 5 சதவீதம்கூட இல்லை. எங்கே பார்க்கணும், எப்பப் பதறணும் என்பதைக் காமிராவும் வெட்டும் இசையுமே பெரும்பாலும் முடிவு பண்ணுது.

ஆனால் ஒன்றாகப் படம் பார்ப்பவர்கள் ஒரே தெருவிலா வாழ்கிறார்கள்? 1992-இல் 'தேவர் மகன்' வந்தது. வன்முறையை விடச்சொல்லும் படம் என்பார்கள். சாதிப் பெருமை பாடும் பாட்டும் அதில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டுக்கு ஊர்த்தெரு விசிலடிக்கும்போது, சேரிப் பையனுக்கு மனசு திரையில நிக்குமா? படம் விட்டதும் எந்த வழியா வீட்டுக்குப் போறதுன்னுதானே யோசிப்பான்? இதைக் கவனச் சிதறல்னு சொல்லலாமா? அவனுக்கு அதுதான் கவனம்.

கறுப்பினப் பெண்ணியவாதி பெல் ஹூக்ஸ், 1992-இல் கறுப்பினப் பெண் பார்வையாளர்களைப் பற்றி எழுதினார். அடிமைகள் நிமிர்ந்து பார்த்ததற்கே தண்டிக்கப்பட்ட வரலாற்றிலிருந்து தொடங்குகிறார். தன்னை மறந்தால்தான் சில படங்களை ரசிக்க முடியும். மறக்க மறுப்பவள் எதிர்த்துப் பார்க்கிறாள்.

எல்லா நழுவலும் எதிர்ப்புன்னு நான் சொல்லல. நாளெல்லாம் மூட்டை தூக்கினவனுக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான். சில படங்கள் நம்ம நினைப்புக்கு இடமும் விடும். 2018-இல் வந்த 'பரியேறும் பெருமாள்' முடிவில் இரண்டு டீ கிளாஸ், நடுவே ஒரு பூ. அதைப் பார்க்கையில் இரட்டைக் குவளை வைத்த டீக்கடைக்கு மனசு போனா, படத்தை விட்டு வெளியே போகல, படத்துக்குள்ளதான் போகுது.

அதனால தோழர்களே, படம் முடிஞ்சதும் 'கதை எப்படி இருந்துச்சு'ன்னு மட்டும் கேக்காதீங்க. 'எந்தக் காட்சியில மனசு வெளிய போச்சு, எங்க போச்சு?'ன்னு கேளுங்க. பெண்கள்கிட்ட முதல்ல கேளுங்க. சொல்றதை ஒரு நோட்டுல எழுதி வையுங்க. நம்ம விமர்சனத்தை அதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்.