தவணையில் விற்கப்படும் முகம்



முடி நடுதல், மூக்குத் திருத்தம், கொழுப்பு நீக்கம் போன்றவை கட்சி வகுப்பில் பேசத்தக்க பொருளா என்ற ஐயம் இயல்பானதே. செல்வந்தர்களின் ஆடம்பரம் அது என்னும் எண்ணம் அணிகளிடையே உண்டு. ஆனால் கையில் பணம் உள்ளவர் தவணையை நாடுவதில்லை. தில்லியிலும் மும்பையிலும் ஐதராபாத்திலும் உள்ள அழகியல் மருத்துவ நிலையங்கள் 'மாதத் தவணை வசதி உண்டு' என்று விளம்பரம் செய்வது, தோற்றத்தையே தகுதியாகக் கேட்கும் வேலைகளின் வாசலில் நிற்கும் இளைஞரையும், திருமணச் சந்தையில் நிறுத்தப்படும் பெண்களையும் நோக்கித்தான். அவர்களை எள்ளி நகையாடுவது இடதுசாரிகளின் வேலையன்று.

மருத்துவக் காப்பீடு இதற்கு உதவாது. தோற்றத்தை மாற்றும் சிகிச்சை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் ஒன்று. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யப்படும் மறுசீரமைப்புக்கு விதிவிலக்கு உண்டு. சரக்கு மற்றும் சேவை வரியிலும் மருத்துவச் சேவைக்குரிய விலக்கு இதற்கு இல்லை. பிறவிக் குறை, காயம் போன்றவற்றைச் சரிசெய்வதற்கே அது பொருந்தும். எனவே முழுச் செலவும் வரியோடு சேர்ந்து தனிமனிதர் தலையில் விழுகிறது. எஞ்சும் வழிகள் தனிநபர் கடன், நகைக் கடன், கடன் அட்டை, மருத்துவ நிலையத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வங்கிசாரா நிதி நிறுவனம் ஆகியவையே. நகைக் கடனில் வட்டி பெரும்பாலும் குறைவு. போவது வீட்டின் கடைசிச் சேமிப்பு.

'வட்டியில்லாத் தவணை' என்னும் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சிகிச்சையின் விலை 1,00,000 ரூபாய். ரொக்கமாகச் செலுத்துவோர்க்கு அதே நிலையம் 90,000 ரூபாய்க்குச் செய்து தருகிறது என்று கொள்வோம். தவணைக்காரர் 12 மாதங்களில் முழு இலட்சத்தையும் கட்டுகிறார். 90,000 ரூபாய்க் கடனுக்கு அவர் தரும் கூடுதல் தொகை 10,000 ரூபாய். அசல் மாதந்தோறும் குறைவதைக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 20 விழுக்காடு! பரிசீலனைக் கட்டணமும் அதன்மீது வரியும் தனி. சுழிய வட்டி என்ற கருத்தே இல்லை என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. விளம்பரங்கள் ஓயவில்லை.

'நிலை வட்டி'யும் இதே வித்தைதான். 12 விழுக்காடு நிலை வட்டியில் ஓராண்டுக்கு வாங்கிய கடனின் உண்மையான வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டும்.

இதைவிடக் கொடிது வேறொன்று. கடன் தொகை பெரும்பாலும் வாங்குபவர் கைக்கு வருவதில்லை. நிதி நிறுவனத்திலிருந்து நேராக மருத்துவ நிலையத்துக்குச் செல்கிறது. சிகிச்சை பிழைத்தாலும், நிலையமே கதவடைத்தாலும், தவணை நிற்பதில்லை. நிறுத்தினால் கடன் மதிப்பெண் சரிகிறது. நாளை வீட்டுக் கடனோ கல்விக் கடனோ கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். கட்டணச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். தவணை மாதந்தோறும் வரும்.

ரிசர்வ் வங்கியின் எண்மக் கடன் நெறிமுறைகள், கடனை மறுபரிசீலனை செய்து விலகிக்கொள்ள அவகாசம் தருகின்றன. அசலைத் திருப்பிக் கட்டினால்தான் விலக முடியும். மறுநாளே கத்தி வைத்துவிட்டால் அந்த அவகாசத்துக்கு என்ன பொருள்? 2023 நவம்பரில் ஈடில்லா நுகர்வுக் கடன்களின் இடர் எடையை 100-இலிருந்து 125 விழுக்காடாக உயர்த்தியதும் வங்கிகளின் பாதுகாப்புக்கே. கடனாளியின் பாதுகாப்புக்கு அன்று.

வாலிபர், மாதர் அமைப்புகளின் தோழர்கள் இத்தகைய கடன் வாங்க முனைவோரைச் சந்திக்கும்போது, கையொப்பத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்கச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைத் தவணைக் கடன்களுக்கும் அது கட்டாயம். கட்டணங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய ஆண்டு விகிதம் அதில் இருக்கும். ரொக்க விலையையும் எழுத்தில் கேட்க வேண்டும். சிகிச்சை குறித்த புகார் நிலுவையில் இருக்கும்வரை தவணையை நிறுத்திவைக்கவும், பணத்தைப் பெற்ற மருத்துவ நிலையத்தைக் கடனுக்குக் கூட்டுப் பொறுப்பாக்கவும் சட்டத் திருத்தம் கோரும் தீர்மானத்தை மாவட்ட மாநாடுகளில் முன்வைக்கலாம்.