பொதுப் பணமும் எழுதுகோலும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



படைவீரரின் பெருமையைப் போற்றாத நாடு இல்லை. ஆயின் அவ்வீரர் கையிலுள்ள துப்பாக்கியையும், காலிலுள்ள பாதரட்சையையும், உண்ணும் உணவையும் விலைபேசி வாங்கித் தருவார் ஒருவர் உண்டென்பதைப் பலரும் எண்ணுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் பாதுகாப்புத் துறையில் இப்பணி புரிவோரை ஒப்பந்த நிபுணர் என்பர். அவருள் மூத்தோர் செய்யும் தொழிலைப் பற்றியும், அதனின்று நம் குடும்பங்கள் கற்கத்தக்க ஒன்றைப் பற்றியும் யாம் இன்று சில கூற விழைகின்றோம்.

முதற்கண் அப்பணியின் இயல்பை அறிவோம். தமக்கு வேண்டுவது இன்னதென்று படைத்தலைவர் கூறுவர். அதனை எவரிடம், எவ்விலைக்கு, எந்நிபந்தனையில் வாங்குவதென ஆராய்ந்து பத்திரம் வகுப்பவர் நிபுணர். அதிலே அரசாங்கத்தின் பேரால் கையொப்பமிடும் உரிமை ஒப்பந்த அதிகாரிக்கே உண்டு. அதற்கென அவருக்குத் தனியே ஒரு நியமனப் பத்திரம் வழங்கப்படும். மூத்த நிபுணருள் சிலரும் அதனைப் பெற்றிருப்பர். அஃதில்லாதவர், பெரிய சேனாபதியே ஆயினும், வியாபாரி ஒருவனுக்கு வாக்குக் கொடுத்து அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தல் இயலாது. வாள் ஒருவர் கையிலும் பணப்பை வேறொருவர் கையிலும் இருக்குமாறு அந்நாட்டார் வகுத்தமை காண்க.

இக்கட்டுப்பாடுகளெல்லாம் பட்டறிவினாற் பிறந்தவை. 1861 முதல் 1865 வரை அங்கு நடந்த உள்நாட்டுப் போரில், பழங்கம்பளிக் கந்தலைப் பிரித்து மீண்டும் நெய்த துணியால் வீரர்க்கு உடை தைத்து விற்றனர் வியாபாரிகள் சிலர். அவ்வுடைகள் மழையில் நனைந்து நைந்துபோயின. பொய்க்கணக்குக் காட்டி அரசாங்கப் பணம் பறிப்போரை ஒறுக்க 1863-ஆம் ஆண்டில், ஆபிரகாம் லிங்கன் காலத்தில், ஒரு சட்டம் பிறந்தது. திருத்தங்களோடு அஃது இன்றும் வழங்குகின்றது. அரசாங்கம் ஏமாந்தால் அந்த நஷ்டம் பணத்தளவில் நில்லாது. குளிரில் காவல் நிற்கும் ஒரு தாயின் மகன்மேல் அது விழும்.

விலைபேசும் முறையையும் சிறிது நோக்குவோம். வீடு கட்டியோர் இதனை நன்கறிவர். மொத்த விலை பேசி முடித்தால் மேற்செலவு மேஸ்திரியைச் சாரும். ஆன செலவைத் தருவதாக ஒப்பினால் வீட்டுக்காரரைச் சாரும். அங்கும் இவ்விரு முறையும் உண்டு. செய்து பழகிய பொருளுக்கு நிலைத்த விலை பேசுவர். எவரும் செய்தறியாத புதுக் கருவிக்குச் செலவையும், முன்னரே வரையறுத்த ஊதியத்தையும் தருவர். ஆயின், ஆன செலவில் நூற்றுக்கு இத்தனை இலாபம் என்னும் முறையைச் சட்டம் அறவே விலக்கியுள்ளது. செலவு ஏற ஏற இலாபமும் ஏறுமாயின் சிக்கனம் செய்வார் யார்? எம்முறை எவ்விடத்திற் பொருந்துமென அறிந்து, எதிர்ப்பக்கத்தாரோடு வரிவரியாய் வாதித்து, முடிவுக்குரிய காரணத்தை எழுதிக் கோப்பில் வைத்தலே மூத்த நிபுணரின் அன்றாட வேலை. ஒப்பந்தம் கிடைக்கப்பெறாத வியாபாரி முறையிட்டால் அக்கோப்பே சாட்சி கூறும்.

இனி, இத்துறையில் உயர்பதவி வகித்த பெண்மணிகள் இருவரைக் காண்போம். டார்லீன் ட்ருயன் என்பார் விமானப்படையின் கொள்முதலில் பெருஞ்செல்வாக்குடையவர். 2000-ஆம் ஆண்டில் தம் மகளுக்கும், மகளை மணக்கவிருந்த இளைஞருக்கும் போயிங் நிறுவனத்தில் வேலை கேட்டுப் பெற்றார். 2002-இல் அந்நிறுவனத்தோடு விமான ஒப்பந்தம் பேசிய காலத்திலேயே தமக்கும் அங்கு வேலை பேசினார். 2004-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அந்நிறுவனத்துக்குத் தகாத சலுகை காட்டியதையும் அவரே ஒப்புக்கொண்டார். பிள்ளைக்கு ஒரு வேலை என்னும் தாயன்பிலே தொடங்கியது சிறைவாயிலில் முடிந்தது.

மற்றவர் பன்னட்டீன் கிரீன்ஹவுஸ் அம்மையார். தரைப்படையின் பொறியியற் பிரிவில் ஒப்பந்தங்களின் தலைமையதிகாரி. ஈராக்கின் எண்ணெய்க் கிணறுகளைச் சீர்செய்யும் பணி 2003-இல் போட்டியின்றி ஒரே நிறுவனத்துக்கு, ஐந்தாண்டுகள் நீளும் வகையில், வழங்கப்படவிருந்தது. ஓராண்டுக்கு மேல் ஆகாதென அம்மையார் அப்பத்திரத்திலேயே தம் கையொப்பத்தின் அருகே எழுதினார். 2005-இல் காங்கிரஸ் உறுப்பினர் சிலர் முன்னிலையில் அதனை எடுத்துரைத்தார். அவ்வாண்டே பதவி இறக்கப்பெற்றார். ஆறாண்டு வழக்காடிய பின் 2011-இல் 970,000 டாலர் பெற்று வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. அறவழி நின்றார்க்கு உடனே மாலை விழும் என்று யாம் சொல்ல மாட்டோம். அவர் பட்ட துன்பம் சிறிதன்று. ஆயினும் அவர் எழுதிய வரி பத்திரத்தில் நின்றது.

அன்பர்களே! அவ்வுத்தியோகம் அந்நாட்டுக் குடிகளுக்கு உரியது. ஆயினும் நம் ஊராட்சிக்குக் குழாய் வாங்கும் எழுத்தரும், மின்வாரியத்துக்குக் கம்பி வாங்கும் பொறியாளரும் அதே எழுதுகோலையே பிடித்துள்ளனர். நம்மவர் ஒருவர் அத்தகைய நாற்காலியில் அமர்ந்த மறுநாளே, “தம்பி, நம்ம ஆளுக்கு அந்த டெண்டரைப் பார்த்துச் செய்” என்று அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருகின்றோமே, இது முறையா? மறுத்தால் குலத்தை மறந்தவன் என்று பழிக்கின்றோம். இசைந்தால் அவர் அகப்படும் நாளில் துணைநிற்பார் ஒருவரையும் காணோம்.

அந்நாட்டு ஊழியர், ஒப்பந்தம் நாடுவாரிடம் ஒரு முறைக்கு 20 டாலருக்கு மேற்பட்ட பரிசு வாங்கலாகாது. நம் வீட்டுக்கு விசேஷ நாளில் வரும் பழத்தட்டின் அடியில் இருப்பது யாதெனத் தாய்மார்கள் பார்த்தல் வேண்டும்.

சங்கம் ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கட்டுக. புத்தகம் வாங்கித் தருக. தேர்வுக்குப் பயிற்சி அளிக்க. நம் பிள்ளைகள் தம் தகுதியால் உத்தியோகம் பெற்றபின், அவர் மேசையருகே உறவு கொண்டாடிச் செல்லாதிருப்பதே அவர்க்கு நாம் செய்யும் பேருதவி. “எங்கள் வீட்டார் எதுவும் கேட்கமாட்டார்” என்று அவர் நெஞ்சு நிமிர்ந்து சொல்லுமாறு வாழ்வோமாக.