வனப் பாதுகாவலர் கிளெகார்னும் அவர் காலத்து ஏடுகளும்



கல்வியின் பெருமையைப் பொதுப்படப் பேசுவதை விடுத்து, அரசு அலுவலர் ஒருவரின் பணி வரலாற்றை இவ்வெள்ளி விழா மேடையில் எடுத்துரைக்க விழைகிறோம். சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரான ஹியூ கிளெகார்ன் என்பார் அவர். காட்டோரங்களில் வாழும் நம்மவர் பலரின் நிலவுரிமைச் சிக்கலுக்கு அவர் காலத்திலேயே வித்திடப்பட்டது.

கிளெகார்ன் 1820இல் சென்னையிலேயே பிறந்தவர். ஸ்காட்லாந்தில் வளர்ந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1842இல் கம்பெனியின் மருத்துவராக இங்கு வந்து சேர்ந்தார். மைசூர்ச் சீமையின் ஷிமோகாவில் பணியாற்றிய நாளில், நாளுக்கொரு செடியை ஆராய்வதென விதித்துக்கொண்டு, உள்ளூர் ஓவியரைக் கொண்டு அவற்றை வரைவித்தார். அந்த ஒழுங்கு நம் மாணவர்க்கும் உகந்ததே. வெப்பநாட்டுக் காடுகள் அழிவதைப் பற்றி 1851இல் பிரிட்டிஷ் அறிவியற் சங்கத்தின் முன் வைக்கப்பெற்ற அறிக்கையில் அவருக்குப் பெரும்பங்குண்டு. 1856 டிசம்பரில் வனப் பாதுகாவலர் பதவி அவரை வந்தடைந்தது.

அதே ஆண்டு ஜூலையில்தான் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. தண்டவாளத்தின் கீழிடும் சிலீப்பர் கட்டைகளுக்காக மட்டும் இம்மாகாணத்தில் ஆண்டுக்கு 35,000 மரங்கள் வீழ்ந்தன என்பர். ஆனைமலைத் தேக்கோ பம்பாய்க் கப்பல் தளத்திற்குச் சென்றுகொண்டிருந்தது. மலைச்சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. காடு குறைகிறது என்று கிளெகார்ன் கண்டது மெய்யே. அதில் நமக்கு மாறுபாடில்லை.

ஆயின் கட்டுப்பாட்டின் சுமை முதலில் எவர் தலையில் ஏறியது? ரயிலுக்குக் கட்டை நின்றபாடில்லை. தோட்டக்காரர்க்கு நிலம் கிடைத்தவண்ணமிருந்தது. புதரை எரித்துச் சிறுதானியம் விதைத்த மலைமக்களின் பயிர்முறையையே காட்டின் பெரும்பகையென அவர் எழுதினார். கன்னடப் பகுதியில் குமரி எனவும் மலபாரில் புனம் எனவும் வழங்கியது அது. 1860இல் சென்னை அரசு, முன்னனுமதியின்றி அரசுக் காடுகளில் குமரி செய்தலைத் தடுத்தது. கிளெகார்ன் கொடியவரல்லர், கற்றவர், உழைப்பாளி. எனினும் அந்த மக்களின் தரப்பைப் பேச அவர் அலுவலகத்தில் ஒரு நாற்காலியும் இல்லை.

பின்னர் பஞ்சாபுக் காடுகளையும் ஆராய்ந்து, 1868இல் அவர் தாயகம் திரும்பினார், 1895இல் மறைந்தார். அவர் தொடங்கிய துறை வளர்ந்தது. 1870களில் சென்னை ரெவின்யூ போர்டு, ஏதேனும் ஒரு கிராமத்தின் எல்லைக்குட்படாத காடு இம்மாகாணத்தில் அரிதென்றும், மக்களுக்கு அங்கே உரிமையுண்டென்றும் வாதிட்டது. அரசு அலுவலர்களே நமக்கு ஆதரவாக எழுதிவைத்த சொல் அது. ஆயினும் 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. மேய்ச்சலும் விறகும் அதிகாரியின் அனுமதிக்குட்பட்டன.

இவற்றை இன்று ஏன் படிக்கவேண்டும்? 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டப்படி, பழங்குடிப் பட்டியலில் இல்லாத ஏனைய வனவாழ் மக்கள், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்து காட்டையே நம்பியிருந்தமையை நிறுவவேண்டும். நம்மவர் பெரும்பாலும் இவ்வகையினரே. பட்டாவே காணாதவர் 75 ஆண்டுச் சான்றுக்கு எங்கே போவார்? விதிகளே வழி காட்டுகின்றன: கெஜட்டியர், நில அளவை அறிக்கை, வனத்துறையின் பழைய பதிவேடுகள் ஆகியன சான்றாகும், உரிமை கோருவோர் அல்லாத மூத்தோரின் வாய்மொழியும், எழுத்தில் பதிந்தால், சான்றாகும். இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைக் கிராமசபை கருதவேண்டும். நம் முன்னோரைக் காட்டின் பகைவரெனப் பழித்த ஏடே, அவர் அங்கு வாழ்ந்தமைக்குச் சாட்சியாகவும் கூடும்.

ஆகவே பட்டம் பெற்ற நம் இளைஞர்கள் சிலரேனும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து ஆங்கில அறிக்கைகளைப் படித்துப் பழகவேண்டும். வனத்துறைப் பணித்தேர்வுக்கும் அப்படிப்பு உதவும். அதற்கு முன்னர் மூத்தோரிடம் செல்லுங்கள். ஏடுகள் காத்திருக்கும், அவர்கள் காத்திரார். எந்த ஓடைக்கு மேற்கே எவர் பாட்டன் விதைத்தார், எந்தப் பாறையடியில் ஆடு மடக்கினார் என்று இடப்பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். பழைய நிலப்படத்தில் தேடிப் பொருத்துவதற்கு அந்தப் பெயர்களே வேண்டும்.