வினோதினியின் முடிவுறாத தொடர்



இந்த நாற்காலியில் அமரும்படி அழைப்பு வந்தபோது மகிழ்ச்சிக்கு முன்னே கலக்கம்தான் வந்தது. எனக்கு நாடகம் படிக்கக் கற்றுத்தந்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். என் அரைகுறை வங்காளத்தைப் பொறுமையாகத் திருத்தியவரும் இருக்கிறார். பிழை கண்டால் தேநீர் இடைவேளை வரை வைத்திருக்க வேண்டாம். அவையறியச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

கருத்தரங்கின் பொருள் இந்திய அரங்கில் பெண்களின் தன்வரலாறு. கட்டுரைகள் உங்கள் கையிலுள்ள தொகுதியில் இருக்கின்றன. அவற்றை அமர்வுத் தலைவர்கள் என்னைவிட நன்றாக அறிமுகம் செய்வார்கள். எனக்குக் கொடுத்த நேரத்தை ஒருவருக்கே தந்துவிட அனுமதி கேட்கிறேன். அவர் கல்கத்தா நடிகை வினோதினி தாசி.

அவர் வாழ்க்கை இந்த அவைக்குப் புதிதல்ல. 1874இல் பதினொன்றோ பன்னிரண்டோ வயதில் கிரேட் நேஷனல் தியேட்டரில் மாதம் பத்து ரூபாய்க்குச் சேர்ந்தார். கிரீஷ் சந்திர கோஷிடம் நடிப்புப் பயின்றார். 1884 செப்டம்பர் 21 அன்று ராமகிருஷ்ணர் ‘சைதன்ய லீலா’ பார்க்க வந்து அவருக்கு ஆசி வழங்கினார். 1887 தொடக்கத்தில், புகழின் உச்சியில், மேடையை விட்டார். 1941இல் மறைந்தார். நாம் எழுதும் கட்டுரைகளில் அந்த ஒரு செப்டம்பர் இரவுக்கே பாதிப் பக்கம் போய்விடுகிறது. என் நெடுநாள் மனக்குறை இது.

அந்த இரவுக்கு முந்திய உழைப்பை அவரே எழுதியிருக்கிறார். அந்த நாடகத்தில் சைதன்யராக நடிக்கும் நாளில் விடியற்காலையில் கங்கையில் குளித்து, துர்க்கையின் பெயரை நூற்றெட்டு முறை எழுதிவிட்டுத்தான் அரங்குக்குப் போனார். பக்தி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பக்திதான், மறுக்கவில்லை. ஆனால் அதே வினோதினி சைதன்யராக நடித்த இரவிலேயே ‘விவாஹ விப்ராட்’ என்ற கேலி நாடகத்தில் படித்த நாகரிகப் பெண் விலாசினி கார்ஃபர்மாவாகவும் நடித்திருக்கிறார். ‘மேகநாத வதம்’ நாடகத்தில் ஒருவராகவே ஏழு வேடங்கள் ஏற்றார். கண்ணீரோடு நாமம் பாடிய தொண்டையை மாற்றிக்கொண்டு சற்று நேரத்தில் கேலிப் பாத்திரத்துக்குள் புக வேண்டுமானால் அதற்கென்று ஒரு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை.

அதற்குக் காரணம், நாம் அவருடைய இரண்டு தன்வரலாறுகளில் ஒன்றை மட்டும் படிப்பது. 1912இல் வந்த ‘ஆமார் கதா’ துயரத்தின் நூல். மகளை இழந்து, ஆதரித்தவரையும் இழந்து, தன்னைப் பாவி என்று சொல்லிக்கொண்டு எழுதியது. அதன் பிறகு, அறுபதை ஒட்டிய வயதில், 1924-25இல் ‘ரூப் ஓ ரங்’ இதழில் ‘ஆமார் அபிநேத்ரி ஜீபன்’, அதாவது ‘என் நடிகை வாழ்க்கை’, என்ற தொடரை எழுதினார். அது பாதியில் நின்றுவிட்டது. அடிக்குறிப்புகளில்கூட அதற்கு இடம் கிடைப்பது அரிது.

அந்தத் தொடரில் ஒரு சிறுமி வருகிறாள். கங்கைக் கரையில் ரசிக் நியோகியின் வீட்டில் ஒத்திகை. பிறகு முதல் மேடை. திரௌபதியின் தோழி வேடம், பேச வேண்டியதோ சில வரிகள்தான். விளக்குகளையும் அத்தனை முகங்களையும் பார்த்ததும் கால்கள் நடுங்குகின்றன. பேசி முடிக்கிறாள், கைதட்டல் எழுகிறது. அடுத்து 1875இன் வடநாட்டுப் பயணம். லக்னோவில் ‘நீல் தர்ப்பண்’. உழவன் தோராப், வெள்ளைக்காரத் துரையைப் புரட்டி அடிக்கும் கட்டத்தில், பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் வாளை உருவிக்கொண்டு மேடைமேல் பாய்கிறார்கள். பெண்கள் அலறுகிறார்கள். குழு மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புகிறது. வங்க அரங்கின் அரசியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொண்டு, எழுதியவரைப் பாவமன்னிப்பு கேட்கும் பெண்ணாகவே நிறுத்திவிடுகிறார்கள்.

நம் வீட்டுக்குள்ளேயே பார்ப்போம். பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’, ஔவை தி. க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ இரண்டையும் எப்படிப் படிக்கிறோம்? ஒத்திகை எப்படி நடந்தது, வேடம் எப்படிப் பிரிந்தது, வசூல் எப்படி என்று தொழில் ஆவணமாகப் படிக்கிறோம். ஆண் எழுதினால் தொழில், பெண் எழுதினால் வாக்குமூலம் என்ற பிரிவினையை நமக்கு யார் கற்பித்தார்கள்?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் நான் இதைச் சொன்னபோது, என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் எழுந்து ஓர் ஐயம் எழுப்பினார். இரண்டு நூல்களின் நடையும் ஒத்துப்போகவில்லை, ஆகவே இரண்டையும் ஒரே கை எழுதியிருக்குமா என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று சொல்கிறேன். முதல் நூல் செந்நடையான சாது பாஷையில் இருக்கிறது, தொடர் பேச்சுக்கு நெருங்கிய சலித பாஷையில் இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? 1914இல் பிரமத சௌதுரியின் ‘சபுஜ் பத்ரா’ வந்தது. சலித நடை இலக்கியத்துக்குள் நுழைந்தது. ‘கோரா’வைச் சாது நடையில் எழுதிய ரவீந்திரநாதர் ‘கரே பாய்ரே’யைச் சலித நடையில் எழுதினார். அதை எழுதியது வேறு கை என்று யாரும் ஐயப்படவில்லை. காலத்தோடு நடையை மாற்றிக்கொள்ளும் உரிமை தாகூருக்கு உண்டு, வினோதினிக்கு இல்லையா? கிரீஷ் எழுதிக் கொடுத்திருப்பார் என்பாரும் உண்டு. தொடர் வெளிவந்தபோது கிரீஷ் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

‘ஆமார் கதா’வுக்குக் கிரீஷ் எழுதிய முன்னுரையையும் தொட்டுவிடுகிறேன். குரு எழுதித் தந்த முன்னுரை மாணவிக்குப் பிடிக்கவில்லை. பல உண்மைகள் விடுபட்டிருப்பதாகச் சொல்லித் திரும்ப எழுதும்படி கேட்டார். எழுதித் தருவதாகச் சொன்ன கிரீஷ் அதற்குள் இறந்துபோனார். முன்னுரை இல்லாமலே முதல் பதிப்பு வந்தது. தன்னை வார்த்தெடுத்த குருவின் எழுத்தையே ஏற்காத ஒருவரைப் ‘பதுமை’ என்று எழுதும் நூல்கள் இன்னும் நம் நூலகங்களில் இருக்கின்றன.

விடுபட்ட உண்மை என்ன என்பதை நாம் அறிவோம். செல்வர் குர்முக் ராயின் பணத்தில் அரங்கு எழும்ப, வினோதினி தன்னையே விலையாகக் கொடுத்தார். தன் பெயரில் ‘பி தியேட்டர்’ என்று வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். பதிவு செய்துவிட்டுத் திரும்பியவர்களிடம் என்ன பெயர் என்று ஆவலோடு கேட்டார். ‘ஸ்டார்’ என்றார்கள். இரண்டு நிமிடம் பேச்சே எழாமல் உட்கார்ந்துவிட்டதாக எழுதுகிறார்.

2024 டிசம்பர் இறுதியில் கல்கத்தாவின் ஸ்டார் தியேட்டருக்கு வினோதினியின் பெயர் அறிவிக்கப்பட்டது. எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அது 1888இல் ஹாத்திபாகானில் கட்டிய அரங்கு. அவர் அங்கே நடித்ததில்லை, அது திறக்கும் முன்பே மேடையை விட்டிருந்தார். 1883இல் அவர் எழுப்பியது பீடன் தெருவில் இருந்தது. கைமாறி, பெயர் மாறி, கடைசியில் சாலை போடுவதற்காக அதை இடித்துவிட்டார்கள்.

சௌமித்ர சட்டர்ஜியும் நிர்மால்ய ஆச்சார்யாவும் 1969லேயே இரண்டு நூல்களையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்துவிட்டார்கள். தொகுப்பின் பின்பாதியைத் திறக்க வேண்டியது நாம். இன்று பிற்பகல் வினோதினி பற்றி மூன்று கட்டுரைகள் வாசிக்கப்படுகின்றன. மூன்றும் ‘ஆமார் கதா’வோடு நின்றுவிடுகின்றன. எழுதியவர்கள் இளையவர்கள், என் மாணவர்களின் மாணவர்கள். அந்தத் தொடரின் நகலைக் கொண்டுவந்திருக்கிறேன். பதிவு மேசையில் வைத்திருக்கிறேன், வாசிக்கும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.