பொட்டலத்தைப் புரட்டிப் பாருங்கள்

காஞ்சிபுரம் திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் முறுக்குப் பொட்டலம் வாங்கினால், அதில் 14 இலக்க உரிம எண்ணைத் தேடுங்கள். அந்த எண்ணுக்கு அடிப்படையான 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் முறுக்கை மட்டுமல்ல, அதைச் செய்யும் கருவியையும் கேள்வி கேட்கிறது.

மாவு படும் இயந்திரம் துருப்பிடிக்கக் கூடாது. எளிதாகக் கழுவ முடிய வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் (polar compounds) 25 சதவீதத்தைத் தாண்டினால், அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது. உறையிலும் அச்சிட்ட பக்கம் பண்டத்தின் மேல் படக்கூடாது.

பஜ்ஜி போன்ற பண்டங்களைச் செய்தித்தாளில் மடித்துத் தருவதற்கும் தடை உண்டு. சூடும் எண்ணெயும் பட்டால் அச்சு மை பண்டத்தில் ஊறிவிடும் அல்லவா? கோயில் இட்லியை மந்தாரை இலையில் வேகவைக்கும் காஞ்சிபுரத்தில், பஜ்ஜிக்கு ஓர் இலை கிடைக்காதா? கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் வழக்கம் மாறும்.