சூளை கட்டிய கணக்கு



மதரஸாவின் பழைய சுவரை இடித்தபோது கிடைத்த செங்கற்கள் எங்கே போயின என்று பலர் கேட்டீர்கள். நம் தெருவுக்குப் பின்னால் இருக்கும் வேளார் குடும்பத்துக்கு அவற்றைக் கொண்டு ஒரு விறகுச் சூளை கட்டிக் கொடுத்தோம். அதில் நாங்கள் செய்த தவறையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் வீட்டுத் தண்ணீர்ப் பானையும் மீன்சட்டியும் அந்தக் குடும்பத்தின் கைவேலை. திறந்தவெளியில் வைக்கோலும் வறட்டியும் போட்டு மூடிச் சுடுவார்கள். நடுவில் மழை பிடித்தால் எல்லாம் வீண். அண்டை வீட்டாரின் உரிமையை நினைத்துத்தான் இந்த வேலையில் இறங்கினோம். ஜகாத் நிதியைத் தொடவில்லை. கூலிக்கு மட்டும் பொது நன்கொடையிலிருந்து எடுத்தோம்.

“சிமெண்டு வேணாங்க பாய், சூட்டுக்கு நிக்காது. களிமண்ணும் மணலும் குழைச்சுக் கட்டுவோம்” என்றார் பெரியவர். நாங்கள் கேட்கவில்லை. உறுதியாக இருக்கட்டும் என்று, மீந்து கிடந்த சிமெண்டை வைத்தே கட்டச் சொன்னோம்.

மண்பாண்டம் வேக சுமார் 800 டிகிரி சூடு வேண்டும். சிமெண்டோ அதற்கு வெகு முன்பே பிடிப்பை இழந்துவிடும். முதல் சூட்டிலேயே பானைகளைத் தாங்கும் நடுத்தட்டு சரிந்தது. பாதிப் பானைகள் நொறுங்கின. அவர்களின் பல நாள் உழைப்பு அது. பெரியவர் எங்களை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

நீங்கள் தந்த பணம் அமானிதம். எங்கள் பிடிவாதத்துக்கு அதிலிருந்து ஈடு கொடுக்க முடியாது. உடைந்த பானைகளின் விலையை நிர்வாகிகள் நாங்கள் எங்கள் கையிலிருந்து கொடுத்தோம்.

இரண்டாம் முறை பெரியவர் சொன்னபடியே நடந்தது. கற்களில் ஒட்டியிருந்த பழைய சுண்ணாம்புக் காரையைச் சுரண்டி எடுத்தோம். களிமண்ணும் மணலும் குழைத்து வட்டமாகச் சுவர் எழுப்பினோம். கீழே விறகு எரியும் அறை, அதன்மேல் இடைவெளி விட்ட செங்கல் தட்டு, அதற்கும் மேலே பானை அடுக்கும் இடம். வாயை உடைந்த ஓடுகளால் மூடி, மண் பூசி, புகை போக வழி விட்டார்கள். முதல் சில மணி நேரம் சிறு தீதான். ஈரம் முழுதும் போகுமுன் தீயைக் கூட்டினால் உள்ளே நீராவி கிளம்பிப் பானை வெடிக்கும். பிறகுதான் சீமைக்கருவேல விறகைத் தள்ளினார்கள். சூளை தானாக ஆறும் வரை யாரும் திறக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றிரண்டைத் தவிர எல்லாப் பானைகளும் தட்டினால் கணீரென்று ஒலித்தன.

உங்கள் வீடுகளை இடிக்கும்போது நல்ல செங்கல், ஓடு, வர்ணம் பூசாத மரம் இருந்தால் சொல்லுங்கள். கல்நார்த் தகடும், துத்தநாகம் பூசிய தகரமும், வர்ணம் பூசிய மரமும் வேண்டாம்; அவற்றின் தூசியும் புகையும் உடலைக் கெடுக்கும்.

உதவி செய்யப் போகிறவர் முதலில் உதவி பெறுபவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பாடத்தை அந்தப் பெரியவரிடம் படித்தோம். அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுப்பானாக. வஸ்ஸலாம்.