தோள்கிண்ண முறிவும் சிறுதுளை அறுவையும்

தோள்மூட்டின் கிண்ணம் ஆழம் மிகக் குறைந்தது. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது; அதனாலேயே தோள் எளிதில் நழுவவும் செய்கிறது. நழுவும் வேகத்தில் கிண்ணத்தின் முன்விளிம்பு உடைந்துவிட்டால், முன்பெல்லாம் தோளைத் திறந்து, முன்புறத் தசையைப் பிளந்தோ அதன் நாணை வெட்டியோதான் உள்ளே போக வேண்டியிருந்தது. ஆர்த்ராஸ்கோப்பி முறையில் சில சிறு துளைகளே போதும்; கேமரா வழியே பார்த்து, உடைந்த துண்டைச் சின்னஞ்சிறு திருகுகளாலும் நூலாலும் கிண்ணத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். தழும்பு சிறிதாவது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நல்ல தசையைச் சிதைக்காமல் விடுவதே உண்மையான லாபம்.

துளைவழிச் சிகிச்சைக்குப் பிறகும் தோள் நழுவுகிறதே என்ற கேள்வி நியாயமானதுதான். 2000-இல் பர்க்ஹார்ட், டி பியர் ஆகிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், எலும்பு பெரிதாகக் குறைந்திருந்தவர்களில் 67 சதவீதம் பேருக்குத் தோள் மீண்டும் நழுவியது. அப்படிக் குறையாதவர்களில் 4 சதவீதம்தான். ஆக, குறை துளையில் இல்லை, எலும்பை ஈடுசெய்யாததில் இருக்கிறது. 2005-இல் ஜப்பானின் சுகாயா குழுவினர் உடைந்த துண்டையே துளை வழியாகப் பொருத்தி, பெரும்பாலோரிடம் நல்ல பலன் கண்டார்கள். கிண்ணம் பல துண்டுகளாக நொறுங்கியிருந்தால் திறந்த அறுவையே பல நேரங்களில் பொருத்தமானது, முப்பரிமாண சி.டி. ஸ்கேனைப் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.